கணக்கெடுப்புத் தரவை சிஎஸ்வியாக எடுக்க: ஸ்டேட்டாவா, ஆரா?

மட்டக்களப்பில் குடும்பக் கணக்கெடுப்புத் தரவோடு வேலை செய்பவர்களுக்குக் கடைசி வேலை எப்போதும் ஒன்றுதான்: பட்டியலை சிஎஸ்வி கோப்பாக்கி, அதாவது நிரல்களைக் கொமாவால் பிரித்த எழுத்துக் கோப்பாக்கி, பிரதேச செயலகத்துக்கு அனுப்புவது. பல காலம் ஸ்டேட்டா என்ற புள்ளிவிவர மென்பொருளில் செய்துவந்தேன். இப்போது அதே வகையிலான ஆர் மென்பொருளுக்கு மாறிவிட்டேன்.

ஆர் இலவசம், ஸ்டேட்டாவுக்கு உரிமம் வாங்க வேண்டும். சில ஆயிரம் குடும்பங்கள் என்றால் வேகத்தில் பேச ஒன்றுமில்லை. முகவரிக்குள் வரும் கொமாவும் பிரச்சினையில்லை. '45/2, குறுக்கு வீதி, ஆரையம்பதி' என்பதை இரண்டுமே மேற்கோள் குறிக்குள் வைத்து ஒரே நிரலாகத்தான் எழுதும்.

ஸ்டேட்டா நன்றாகச் செய்வது லேபல்களை. பிரதேச செயலகப் பிரிவை 1, 2, 3 என்று பதிந்து பெயர்களை லேபலாகக் கொடுத்திருந்தால், 'எக்ஸ்போர்ட் டிலிமிட்டட்' கட்டளை தானாகவே வாகரை, செங்கலடி என்று பெயரை எழுதும். எண்தான் வேண்டுமென்றால் 'நோலேபல்' சேர்த்தால் போதும். அதே கோப்பை ஆரில் 'ஹேவன்' பொதியால் (ஆருடன் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவித் தொகுப்பு) திறந்து அப்படியே எழுதினால் எண்கள்தான் போகும். எண்களைப் பெயர்களாக மாற்ற முதலில் 'ஆஸ்_ஃபாக்டர்' போட வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளிவிவர மென்பொருளிலும் லேபலாகச் சேமிக்கும் தெரிவு உண்டு. ஆனால் அதை நான் மெனு வழியாக மட்டுமே தொட்டிருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என்னை மாற வைத்தது தமிழ் எழுத்து. 2015இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து ஸ்டேட்டாவும் எல்லா மொழி எழுத்துகளுக்குமான யுனிகோட்தான். கோப்பு சரியாகவே எழுதப்படுகிறது. சிக்கல் அதைத் திறக்கும் இடத்தில். கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 (யுனிகோட் எழுத்தைச் சேமிக்கும் குறியீடு) என்று காட்டும் 3 பைட் அடையாளம் இல்லையென்றால், டபுள் கிளிக் செய்யும்போது எக்செல் பெரும்பாலும் பழைய குறியீடாகவே வாசித்துவிடும். 'வாகரை' 15 பைட் பிடிக்கும் சொல். திரையில் அது 15 கிறுக்கல்களாக வரும். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்தால் சரியாகும், உண்மைதான். ஆனால் வெள்ள நிவாரணப் பட்டியலுக்குக் காத்திருக்கும் உத்தியோகத்தருக்கு அந்தப் பாடத்தை நடத்த நேரமில்லை. அவர் டபுள் கிளிக்தான் செய்வார்.

ஆரில் 'ரீடர்' பொதியின் 'ரைட்_எக்செல்_சிஎஸ்வி' அந்த அடையாளத்தைத் தானே வைத்துவிடும். ஆரின் சாதாரண 'ரைட்.சிஎஸ்வி' அப்படி வைக்காது. அதோடு 'ரோ.நேம்ஸ்' தெரிவை அணைக்காவிட்டால் நிரை எண்களுக்கென்று தலைப்பில்லாத ஒரு நிரலையும் முன்னால் ஒட்டிவிடும். ஆகவே நான் சாய்வது ஆரின் பக்கம் என்பதைவிட இந்த ஒரு கட்டளையின் பக்கம் என்பதே சரி. விடுபட்ட பதில்களுக்கு 'என்ஏ' என்று எழுதும். வெறுமையாக விட வேண்டுமென்றால் அதையும் கட்டளையிலேயே சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: இதே கோப்பைப் பிறகு 'ரீட்.சிஎஸ்வி'யால் வாசித்தால் முதல் நிரலின் பெயரில் அந்த அடையாளம் ஒட்டிக்கொண்டு வரலாம். அதற்கு 'ஃபைல்என்கோடிங்' தெரிவில் 'யுடிஎஃப்-8-பிஓஎம்' என்று கொடுங்கள்.

தொலைபேசி இலக்கத்திலும் அடையாள அட்டையிலும் இரண்டு மென்பொருளுமே கைகொடுக்காது. 065இன் முன் சைபரை, மேற்கோள் குறிக்குள் இருந்தாலும், எக்செல் தின்றுவிடும். 12 இலக்க அடையாள அட்டை எண் 'இ+11' வடிவத்தில் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் இலக்கங்கள் போயே போய்விடும். இந்த நிரல்கள் இருக்கும் பட்டியலை மட்டும், அவற்றை எழுத்து வகையாக்கி 'ரைட்எக்ஸ்எல்' பொதியால் எக்செல் கோப்பாகவே அனுப்புகிறேன். ஸ்டேட்டாவில் தொடர விரும்புபவர்களுக்கு இதே வேலையை 'எக்ஸ்போர்ட் எக்செல்' செய்து தரும்.