ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பதா, புதிதாகப் போடுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் அப்பா விட்டுப்போன கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கருவி) கார் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. கடலோர டர்பனில் சீராகப் போகும் வண்டி, ஜோகன்னஸ்பர்க் ஏறினால் திணறும். அங்கே சுமார் 1,700 மீட்டர் உயரம்; காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் மிஞ்சி, எஞ்சினுக்குள் பொறி தரும் பிளக்கின் முனையில் உலர்ந்த கரி படியும். இதற்குத் துடைப்பதே போதும். எஞ்சின் ஆறியபின் கழற்றி, பெட்ரோலும் மெல்லிய பிரஷும் கொண்டு தேய்த்து, நன்றாக உலர்த்தி, கையேட்டில் உள்ள முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்து மாட்டுங்கள். கலவையையும் சரிசெய்யாவிட்டால் கரி திரும்ப வரும்.

கரி ஈரமாக, எண்ணெய் மினுங்க இருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். அப்போது புதிய பிளக்கும் தற்காலிக ஆறுதல்தான். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கீறியிருந்தாலோ, முனை உருண்டு தேய்ந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், எல்லா பிளக்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்தால், காசு செலவழிக்குமுன் அதை அடுத்த சிலிண்டர் பிளக்கோடு இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு நகராமல் பழைய சிலிண்டரிலேயே நின்றால், முதலில் பிளக் வயரையும், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் பாருங்கள். எங்கள் கடற்கரை ஈரத்தில் அந்த மூடிக்குள் நீர் கோப்பது சகஜம்.