11 பால் கூலர், 4 வருடம்: மஸ்கீட்டோ, நோட்-ரெட், கிரஃபானாவைக் கிளவுட்டோடு இணைத்த அனுபவம்

கோபி, சத்தியமங்கலம் பக்கம் எங்களுக்கு 11 பால் சேகரிப்பு மையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கூலர், அதாவது பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தி வைக்கிற பெரிய ஸ்டீல் டேங்க். காலையும் மாலையும் கறந்த சூட்டோடு பால் வந்து விழும், சில மணி நேரத்துக்குள் குளிர்ந்தாக வேண்டும். ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காமல், விடிந்து போய்ப் பார்த்தால் டேங்க் முழுக்கப் புளித்துக் கிடக்கும். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற நூறு வீட்டுப் பால் அது. ஒருமுறை அதைச் சாக்கடையில் திறந்துவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

முதலில் ஒரு ரெடிமேட் பெட்டி வாங்கினோம். சென்சார், சிம், ஆப் எல்லாம் விற்றவர்களுடையதே. அலாரம் எல்லையை 6 டிகிரியிலிருந்து 5 ஆக்குவதற்குக்கூட அவர்களுக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும், பழைய டேட்டாவை வெளியே எடுக்கவும் வழியில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு 2021 கடைசியில் விட்டுவிட்டோம்.

இப்போது இருப்பது இதுதான். டேங்கில் டிஎஸ்18பி20 என்கிற வெப்பநிலை சென்சார், அதைப் படிக்க இஎஸ்பி32 என்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு, கரண்ட் அளக்க ஆர்எஸ்485 வயரில் பேசுகிற மீட்டர், பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கணினி. அந்தப் பையில், எம்க்யூடிடி என்கிற செய்தி முறையில் வருவதை வாங்கி அனுப்புகிற மஸ்கீட்டோவும், வந்த அளவை வைத்து என்ன செய்வது என்று நாம் எழுதி வைக்கிற நோட்-ரெட்டும் ஓடுகின்றன. அங்கிருந்து ஒரு பெரிய கிளவுட் நிறுவனத்தின் ஐஓடி (சாதனங்களை நெட்டில் இணைக்கிற) சேவைக்குப் பிரிட்ஜ், அதாவது செய்திகளைக் கடத்திவிடுகிற இணைப்பு, அதற்குப் பின்னால் வாடகை சர்வர் ஒன்றில் அளவுகளைச் சேமிக்கிற இன்ஃப்ளக்ஸ்டிபியும் அவற்றைக் கிராஃபாகக் காட்டுகிற கிரஃபானாவும். சாதனத்துக்குச் சாதனம் டிஜிட்டல் அடையாள சர்டிபிகேட் கொடுப்பது, பதினோரு ஊரிலிருந்து வருவதை ஓரிடத்தில் வாங்கிக்கொள்வது, இந்த இரண்டையும் கிளவுட் அருமையாகச் செய்கிறது, அதை நானே கட்டி மேய்க்க ஆசையில்லை. மற்ற எல்லாம் திறந்த மூலம், அதிலும் பாலைக் காப்பாற்றுகிற பகுதி மொத்தமும் டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எம்க்யூடிடி இந்த இடத்துக்குப் பொருந்துவதில் ஆச்சரியமில்லை. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் அதை உருவாக்கியதே எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்கத்தான். இணைப்பு மெலிது, விலை அதிகம், அடிக்கடி அறுந்து போகும். எங்கள் ஊர் சிம் சிக்னலும் அப்படித்தான்.

சரி, எங்கே அடிபட்டேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவப் போவது அதுதான்.

முதல் மழைக்காலத்தில் ஒரு மையத்தில் இரண்டு நாள் நெட் இல்லை. மஸ்கீட்டோ சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும் என்று நம்பியிருந்தேன். பிரிட்ஜில் கிளீன் செஷனை (இணைப்பு அறுந்தால் பழையதை மறந்துவிடுவது) அணைத்து, க்யூஓஎஸ் 1 (சேர்ந்தது என்று பதில் வரும் வரை செய்தியை விடாமல் வைத்திருப்பது) போட்டால் சேர்த்து வைக்கும்தான், ஆனால் வரிசையின் எல்லை தானாக 1000 செய்திகள். நாங்கள் 30 நொடிக்கு ஒருமுறை ஆறு அளவுகளைத் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்தோம், நிமிடத்துக்கு 12. ஒன்றரை மணி நேரம்கூட ஆகாமல் வரிசை நிரம்பிவிட்டது, மீதி இரண்டு நாள் டேட்டா போயே போய்விட்டது. இன்னொன்று, அந்த வரிசையை டிஸ்க்கில் எழுதுகிற இடைவெளி தானாக 1800 நொடி. அதாவது நெட் இல்லாத நேரத்தில் கரண்டும் பட்டென்று போனால் கடைசி அரை மணி நேரம் வரை காணாமல் போகும். அதை 60 நொடியாகக் குறைத்தேன், அப்படிக் குறைத்தால் எஸ்டி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் எல்லாப் பையிலும் சின்ன எஸ்எஸ்டி போட்டோம். ஆறு அளவுகளையும் ஒரே செய்தியாகக் கட்டி நிமிடத்துக்கு ஒன்றாக்கினேன். ஒரு மையத்துக்கு நாளைக்கு 17,280 செய்தி என்றிருந்தது 1,440 ஆனது. கிளவுட் பில் செய்திக் கணக்கில்தான் வருகிறது, அதனால் பில்லும் இறங்கியது.

நேரம் இன்னொரு தலைவலி. முதலில் கிளவுட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தையே அளந்த நேரமாக எடுத்துக்கொண்டேன், தாமதமாக வந்த அளவுகள் எல்லாம் கிரஃபானாவில் ஒரே செங்குத்துக் கோடாக நின்றன. அளக்கிற இடத்திலேயே நேரத்தைச் செய்திக்குள் போட்டால் சரியாகும் என்று மாற்றினேன், அங்கேயும் ஒரு பிரச்சினை. எங்களிடம் இருக்கிற பையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, அதன் சிஸ்டம் மணிக்கொருமுறை நேரத்தைக் கோப்பில் எழுதி வைத்து, பூட் ஆகும்போது அதிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். மாலை 6.50க்குக் கரண்ட் போய், திரும்பி வரும்போது நெட் இல்லையென்றால், கடைசியாக எழுதி வைத்த 6.17தான் இப்போதைய நேரம் என்று அது நினைத்துக்கொள்ளும். நாங்கள் நேரத்தை முழு நிமிடத்துக்கு வெட்டி எழுதுகிறோம், இன்ஃப்ளக்ஸ்டிபியில் ஒரே டேக் (அளவு எங்கிருந்து வந்தது என்கிற அடையாளம்), ஒரே நேரம் என்றால் புதியது பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். கரண்ட் போவதற்கு முன்னால் இருந்த அளவுகள், நாங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய அளவுகள், இப்படித்தான் அழிந்தன. பார்க்க எல்லாம் ஒழுங்காகவே தெரிந்ததால் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. டிஎஸ்3231 என்கிற பேட்டரிக் கடிகாரம் ஒன்றை ஒவ்வொரு பையிலும் செருகிய பிறகு இது ஒருமுறைகூட வரவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த 85 டிகிரி. ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு மையத்து அண்ணன் ஒருவர் போன் பண்ணி, "ஏனுங்க தம்பி, பாலு கொதிக்குதுன்னு மெசேஜ் வருதுங்க, இங்க டேங்கு ஜில்லுனு இருக்குது" என்றார். டிஎஸ்18பி20க்கு மின்சாரம் விட்டு வந்ததும் அதன் நினைவில் இருக்கிற எண் 85. கம்ப்ரசர் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு நொடி தொய்ந்து, சென்சார் ரீசெட் ஆகி, அளந்து முடிப்பதற்குள் நாம் படித்தால் அந்த 85தான் கிடைக்கும். வயர் கழன்றால், சென்சாரைப் படிக்கிற புரோகிராம் லைப்ரரி மைனஸ் 127 தரும். இப்போது நோட்-ரெட்டில் ஒரு சின்ன ஃபங்ஷன்: சரியாக 85 அல்லது மைனஸ் 127 வந்தால் அது வெப்பநிலை இல்லை, சென்சார் கோளாறு என்று தனியாகப் போகும். எல்லை தாண்டிய அளவு தொடர்ந்து மூன்று முறை வந்தால்தான் அலாரம். ரெடிமேட் பெட்டியில் இந்த ஒரு வரியை என்னால் சேர்த்திருக்கவே முடியாது.

மீட்டரில் ஒரே ஒரு சிக்கல்தான், வேர்ட் ஆர்டர், அதாவது ஒரே எண்ணை இரண்டு துண்டாக அனுப்பும்போது எந்தத் துண்டு முதலில் என்பது. 230 வோல்ட் என்றால் மீட்டரின் இரண்டு ரிஜிஸ்டரில் (எண்ணை வைத்திருக்கிற நினைவு அறை) 17254, 0 என்று வரும். இதை மாற்றி அடுக்கினால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், பாதி மீட்டர் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்தாவது மையத்துக்கு நான்காவது மையத்தின் கார்டை அப்படியே காப்பி எடுத்தேன், கிளையன்ட் ஐடியை, அதாவது அந்தப் பை கிளவுட்டிடம் சொல்கிற தன் பெயரை, மாற்ற மறந்துவிட்டேன். ஒரே ஐடியில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளை வெளியே தள்ள வேண்டும் என்பது எம்க்யூடிடி விதி. தள்ளப்பட்டவர் திரும்ப வந்து இவரைத் தள்ளுவார். இரண்டு மையமும் நாள் முழுக்க இப்படியே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன, நான் சிம்மை மாற்றிக்கொண்டிருந்தேன். ஐடியும் சர்டிபிகேட்டும் மையத்துக்கு மையம் தனியாக இருக்கட்டும்.

கிளவுட்டை ஒருமுறை மாற்றவும் செய்தோம், விலைக்காக. கூகுள் தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்ட் 16இல் மூடியதைப் பார்த்தபோதே, எந்தச் சேவையையும் நிரந்தரம் என்று நினைக்கக் கூடாது என்று டாபிக் (செய்தியின் முகவரி மாதிரி) பெயர்களையும் செய்தி வடிவத்தையும் எங்களுடையதாகவே வைத்திருந்தேன். மாற்றும்போது பிரிட்ஜின் முகவரி, சர்டிபிகேட், இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான். இஎஸ்பி32 ஒன்றைக்கூடத் தொடவில்லை, ஒரு மையத்துக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

கிரஃபானாவில் அழகழகாகப் பலகைகள் செய்து வைத்தேன். அலுவலகத்தில் நாங்கள் தினமும் பார்க்கிறோம், எந்தக் கம்ப்ரசர் வழக்கத்தை விட நேரம் எடுக்கிறது என்பது அதில்தான் முதலில் தெரியும், கூலரின் கேஸ் கசிவை இரண்டு முறை அப்படிப் பிடித்தோம். மையத்தில் இருப்பவர்கள் அதைத் திறப்பதே இல்லை, கை ஈரத்தோடு கேன் தூக்குகிறவரிடம் போனில் கிராஃப் பார் என்று சொல்வது நியாயமும் இல்லை. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன். பையில் இருக்கிற நோட்-ரெட் நேராக விளக்கின் ரிலே சுவிட்சைத் தட்டும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரியும். இத்தனை வருடத்தில் அவர்கள் என்னிடம் பழுது சொல்லி உடனே சரிசெய்யச் சொன்ன ஒரே பொருள் அந்த விளக்குதான்.

இன்னும் முடியாதது இஎஸ்பி32களுக்குத் தூரத்திலிருந்தே ஃபர்ம்வேர், அதாவது அவற்றுக்குள் ஓடுகிற புரோகிராம், போடுவது. சிக்னல் பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று அலுவலக மேசையில் இரண்டை வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், அது வரை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பைக்கில்தான் போகிறேன்.