கொழுக்கட்டைப் புல் விதை: மானாவாரிக்கு நம்பி வாங்கலாம், ஆனால் அறுவடை மாதத்தைக் கேளுங்கள்

நேப்பியர் புல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் வருடம் கொழுக்கட்டைப் புல் ஏமாற்றமாகத்தான் தெரியும், ஆள் உயரத்துக்கு வளராது, அறுத்தால் கட்டு கட்டாகக் கிடைக்காது. ஆனால் பாசனமே இல்லாத நிலத்தில் கோ 4, கோ 5 மாதிரி நேப்பியர் ஒட்டு ரகங்களைப் பற்றிப் பேசி என்ன பயன்? காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களோடு தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிற கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் மாடும் செம்மறியும் மேய்வது கொழுக்கட்டைப் புல்லைத்தான். கோடையில் சருகாகக் கிடக்கும் தூர், ஒரு நல்ல மழை பெய்ததும் அடியிலிருந்து துளிர்த்துவிடும், மறுபடி விதைக்க வேண்டியதில்லை.

நான் வாங்கியது நீலக் கொழுக்கட்டை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ரகம். ரகத்தில் ஒரு குறையும் இல்லை. கோபமெல்லாம் விற்றவர் மேல்தான். புதிதாக உருவிய விதை உறக்கத்தில் இருக்கும், ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும், இது தெரியாமல் யாரும் இந்த விதையை விற்க வந்திருக்க மாட்டார்கள். அப்படியும் பையில் அறுவடை மாதம் இல்லை, கேட்டதற்கு நேரான பதிலும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததைச் சொன்னபோது மண் சரியில்லை என்றார்கள். அதே பையில் மிச்சமிருந்த விதையை அடுத்த மழைக்கு அதே மண்ணில் போட்டேன், அடர்த்தியாக வந்தது!

ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். விதை பஞ்சு போல லேசானது, காற்றில் பறக்கும், அதனால் மணலோடு கலந்து தூவி மேலாக மண் மூடினால் போதும், ஆழமாகப் போனால் முளைக்காது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனப் பயிரையும் சேர்த்துப் போட்டால் புரதத்துக்கும் வழி கிடைக்கும். பூக்கும்போதே அறுத்துவிடுங்கள், முற்றவிட்டால் தண்டு விறைத்துச் சத்தும் குறைந்துவிடும். குதிரை வைத்திருப்பவர்கள் மட்டும் இதையே முழுத் தீவனமாகக் கொடுக்க வேண்டாம், இதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

இதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு கொழுக்கட்டைப் புல்லை மேய்ச்சலுக்கென்று அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே அது காட்டுத்தீயை வளர்க்கும் களையாகிவிட்டது. இங்கே இது நம் மண்ணின் புல், அந்தப் பயம் வேண்டாம்.

புல்லுக்கு ஐந்துக்கு ஐந்து, விற்றவருக்கு ஒன்று. பக்கத்தில் கொறங்காடு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கடைக்குப் போகும் முன் அவரிடம் கேட்டுப் பாருங்கள், போன வருடம் உருவி வைத்த விதை இருந்தால் அதையே வாங்கிவிடலாம்.