ஆச்சி வீட்டு வளவும் பிளெண்டரும்: ஒரு வருடம் ரெண்டர் எடுத்த அனுபவம்

காரைக்குடியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு 3டி படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், படத்தைப் பார்த்துத்தான் சரி சொல்லுவார்கள், அதனால் படம் பொய் சொல்லக் கூடாது. போன வருடம் வரை சந்தா கட்டி வேறொரு மென்பொருளில் ரெண்டர் எடுத்தேன், அதாவது மாடலை வெளிச்சமும் நிழலுமாகப் படமாக்கினேன். இப்போது பிளெண்டர் என்கிற 3டி மென்பொருள். அது இலவசம்தான், ஆனால் நான் மாறியதற்குக் காரணம் அது இல்லை.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி வீடு. முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றின தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு எல்லாம் மாடல் செய்து படத்தைக் காட்டினேன். "ஏன் தம்பி, நம்ம வளவு இப்படியா இருண்டு கிடக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முற்றத்தில் விழுகிற வெயில் தரையில் பட்டு, சுவரில் பட்டு, தாழ்வாரத்து உத்தரம் வரைக்கும் ஏறும், அந்த வீட்டில் பகலில் விளக்கே போடுவதில்லை. என் படத்தில் முற்றம் வெளுத்துப்போய், சுற்றி நாலு பக்கமும் இருட்டு. தரத்தைக் கூட்டி வைத்துவிட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன், படத்தில் மணல் தூவின மாதிரி இருந்த புள்ளிகள் மறைந்தன, இருட்டு அப்படியே இருந்தது.

நான் மாறியது இதற்காகத்தான். பிளெண்டரில் ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்குகிற பகுதியான சைக்கிள்ஸில் ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்பலாம் என்பதை நாமே வைக்கலாம். மொத்தம் 12 என்று இருந்தாலும் சுவர் மாதிரி ஒளியைச் சிதறடிக்கிற பரப்புகளுக்கு 4 முறைதான் கொடுத்திருப்பார்கள். அதை 8 ஆக்கியதும் தாழ்வாரத்து மூலை தெரிய ஆரம்பித்தது. சாம்பிளை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியை எத்தனை தடவை கணக்கிடுவது என்ற எண்ணை, ஏற்றினால் மணல் மாதிரிப் புள்ளிதான் குறையும், வெளிச்சம் அதிகமாகாது. இது புரிய எனக்கு இத்தனை நாள் ஆனது.

அடுத்தது வெயிலின் திசை. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே நகர்ந்து நிற்கும். ஸ்கெட்ச்அப் என்கிற 3டி மென்பொருளில் ஊரைக் குறிக்காமல் விட்டால் அமெரிக்காவில் கொலராடோவின் போல்டர் நகரத்து நிழல்தான் விழும், அது 40 டிகிரி வடக்கு. பிளெண்டரில் வானத்தைப் போட்டுச் சூரியனின் உயரத்தையும் திசையையும் எண்ணாகவே கொடுத்துவிடலாம். சரியாகக் கொடுத்தால் முற்றத்து நிழல் ஆச்சிக்குத் தெரிந்த இடத்தில் விழும்.

அப்புறம் தரை. ஆத்தங்குடிக் கல்லை, அதாவது தரையில் பதிக்கிற பூ வேலை டைல்ஸை, கண்ணாடித் துண்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதற்கு மேல் சிமெண்டும் மணலும் போட்டுச் செய்கிறார்கள். கண்ணாடியில் படுகிற முகத்துக்குத்தான் அந்தப் பளபளப்பு. கையால் ஊற்றுவதால் பூவிதழின் ஓரம் ஒரு கல்லில் கூராக இருக்கும், பக்கத்துக் கல்லில் லேசாகக் கசிந்திருக்கும். இணையத்தில் எடுத்த ஒரே கல்லின் படத்தைத் தரை முழுக்க ஒட்டினால் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மாதிரிதான் வரும். நான் காலையில் வெயில் இறங்குவதற்கு முன்னால் போய், ஆச்சி வீட்டுத் தரையிலேயே ஆறு கற்களை நேர் மேலிருந்து படம் எடுத்து, ஆறும் மாறி மாறி விழும்படி வைத்தேன். ரஃப்னஸுக்கும் (பரப்பின் சொரசொரப்பு, எண் குறைந்தால் பளபளப்பு கூடும்) ஒரே எண் கொடுக்காதீர்கள். ஆள் நடந்து நடந்து தேய்ந்த இடத்தில் 0.15, சுவரோரம் 0.3 என்று வைத்தேன். தூணின் பிம்பம் தரையில் நடுவே தெளிவாகவும் ஓரத்தில் மங்கியும் வந்தது. அந்த ஒரு மாற்றத்தில் படமே வேறாகிவிட்டது.

மிச்சமிருக்கிற புள்ளிகளைத் துடைக்கிற டீநாய்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள், ஆனால் சாம்பிள் குறைவாக இருந்தால் அது பூவிதழையும் சேர்த்து மெழுகிவிடும். எனக்கு 800க்குக் கீழே போனால் தரை கெடுகிறது. பிளெண்டர் 4.0 பதிப்பிலிருந்து வருகிற ஏஜிஎக்ஸ் நிறமுறை முற்றத்து வெயிலை வெளுக்காமல் காப்பாற்றுகிறது, ஆனால் கல்லின் சிவப்பு கொஞ்சம் வெளிறும், கான்ட்ராஸ்டை ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. ஆட்டோகேட் வரைபடக் கோப்பான டிடபிள்யூஜியை பிளெண்டர் நேரே திறக்காது, டிஎக்ஸ்எஃப் என்ற வேறு கோப்பு வகையாக மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். முதல் மாதம் கீபோர்டு ஷார்ட்கட்டுகளைப் பழகவே போய்விடும். நாளைக்கே பத்து வியூ வேண்டும் என்கிற வாடிக்கையாளருக்கு இது ஒத்துவராது, அதற்கு ட்வின்மோஷன், என்ஸ்கேப் மாதிரி உடனுக்குடன் காட்டுகிறவையே நல்லது. என் கணினியில் வளவுப் படம் ஒன்றுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.

புதுப் படத்தை ஆச்சியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தரை சரியா இருக்கு தம்பி. தூணுதான் நேத்து வாங்கின மாதிரி இருக்கு." உண்மைதான், அந்த பர்மா தேக்கு மூன்று தலைமுறை கை பட்டு இடுப்பு உயரத்தில் கறுத்து மினுங்கும், நான் அடி முதல் நுனி வரை ஒரே நிறம் கொடுத்திருந்தேன். இந்த வாரம் அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.