சிலிண்டர் சோதனை: நேரடி கேஜ், டிஃபரன்ஷியல், போர்ஸ்கோப்

விமானப் பிஸ்டன் எஞ்சினின் சிலிண்டர் நலமாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு. நேரடி கேஜில் (அழுத்தமானியில்) ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றி, அங்கே கேஜை மாட்டி, திராட்டிலை முழுதும் திறந்து, ஸ்டார்ட்டரால் குறைந்தது மூன்று சுற்றாவது சுழற்ற வேண்டும். பேட்டரி தளர்ந்தால் கேஜ் காட்டும் எண்ணும் தளரும். எந்தச் சிலிண்டர் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கிறது என்று மட்டும் தெரியும். கசிவு எங்கே என்று தெரியாது.

அதைச் சொல்வது டிஃபரன்ஷியல் சோதனை. எஞ்சின் சூடாக இருக்கும்போதே, மேக்னெட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) அணைந்ததை உறுதிசெய்து, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தக் காற்றைச் சிறு துளை வழியாகச் செலுத்தி, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. சிலிண்டர் விட்டம் 5 அங்குலத்துக்குக் குறைவானால் கருவியின் துளை 0.040 அங்குலம், 5 அங்குலமும் அதற்கு மேலும் ஆனால் 0.060. சிறிய சிலிண்டருக்குப் பெரிய துளைக் கருவியை மாட்டினால் கசிவு மறைந்து எண் அழகாக வரும். இன்னொன்று: 5 அங்குல பிஸ்டன் மேல் 80 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 700 கிலோ விசை. உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் புரொப்பல்லர் சுழன்று அடிக்கும். ஒருவர் அதைப் பிடித்தே இருக்க வேண்டும். முதலில் 20 பி.எஸ்.ஐ. அளவில் காற்றை விட்டு உச்சியைச் சரிபார்த்த பிறகே அழுத்தத்தை ஏற்றுங்கள்.

எண்ணைவிட முக்கியம் சீறும் சத்தம். எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளிழுக்கும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்குகள். ரிங் கசிவு நாளுக்கு நாள் மாறும், ரிங் இடைவெளிகள் சுழன்று ஒரே நேர்கோட்டில் வந்தாலே எண் விழும். அதனால் ரிங் பக்கம் குறைவு வந்ததும் சிலிண்டரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். ஒருமுறை பறக்கவிட்டு மறுபடி அளக்கலாம். வால்வு கசிவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வரம்பும் ஒன்றல்ல. லைகமிங் நிறுவன எஞ்சினில் 60 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்ற யோசிக்க வேண்டும். காண்டினென்டல் நிறுவன எஞ்சினில் மாஸ்டர் ஆரிஃபிஸை (அளவு துல்லியமாகத் தெரிந்த துளையை) அதே கருவியில் மாட்டி அன்றைய வரம்பை எடுக்கிறார்கள். பெரும்பாலும் 40-களில்தான் வரும். ஒன்றின் எண்ணை மற்றதற்குப் பொருத்தி நல்ல சிலிண்டரைக் கழற்றியவர்கள் உண்டு.

இருந்தும், எரிய ஆரம்பித்த எக்ஸாஸ்ட் வால்வு 70-க்கு மேலும் காட்டக்கூடும். அங்கே பிளக் துளை வழியே உள்ளே பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்தான் முந்தும். நல்ல வால்வு முகத்தில் நிறவளையங்கள் நடுவை மையமாகக் கொண்டிருக்கும். ஒரு விளிம்பில் மட்டும் நிறம் மாறியிருந்தால் அங்கே சூடு தேங்குகிறது. சுவர்க் கீறலும் துருவும் கூடத் தெரியும், ரிங் பள்ளத்தில் சிக்கியிருப்பது தெரியாது. எனவே டிஃபரன்ஷியலோடு போர்ஸ்கோப்பையும் சேர்த்தே செய்ய வேண்டும். நேரடி கேஜ், காற்று கம்ப்ரெஸர் கிடைக்காத இடத்தில் முதல் பார்வைக்குப் போதும்.