ஸ்விஃப்டுக்கு 16 அங்குல வீல்: கணக்குப் போட்டுத் தரும் கடை

ஸ்விஃப்டில் 15 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 16 போடுவதற்காகப் போனேன். வேறொரு கடையில் 195/60 டயர் (அகலம் 195 மி.மீ., அதில் 60 சதவீதம் சைட்வால், அதாவது டயரின் பக்கச்சுவர் உயரம்) ஸ்டாக் இருக்கிறது, தாராளமாகப் போடலாம் என்றார்கள். இங்கே இருந்த அண்ணன் காகிதத்தில் எழுதியே காட்டினார். பழைய 185/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ., 195/55 ஆர்16 போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் 195/60 என்றால் 640 வந்துவிடும், அப்புறம் ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 3 சதவீதம் குறைத்துக் காட்டும். லோடு இண்டெக்ஸும் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாதாம். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் அலைன்மென்ட்டுக்கே விட்டார், அருமையான வேலை. சைட்வால் குறைந்ததால் பள்ளத்தில் இறங்கினால் கொஞ்சம் தூக்கிப் போடும், அதையும் முன்பே சொல்லிவிட்டார். கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.