துலூஸிலிருந்து கையாக், கோர்த்: ஒரு நாள் வேன் பயணம் எப்படி?

தென்மேற்குப் பிரான்ஸின் துலூஸ் நகரிலிருந்து காலையில் புறப்பட்டு, தார்ன் ஆற்றை ஒட்டிய கையாக் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களையும், அவற்றுக்கு வடக்கே குன்றுகளின் உச்சியில் அமைந்த கோர்த் போன்ற இடைக்கால ஊர்களையும் காட்டிவிட்டு மாலையில் திரும்பும் சிறிய வேன் பயணங்கள் நடக்கின்றன. நான் சென்ற வண்டியில் எட்டுப் பேருக்கு இடம், ஓட்டுநரே வழிகாட்டி, கட்டணம் நபருக்கு 100 யூரோவைத் தாண்டியது, மதிய உணவு அதில் சேரவில்லை. திராட்சைத் தோட்டங்களுக்காக இந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம், மலையூர்களுக்காகக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

தோட்டங்களைப் பொறுத்தவரை காரணம் எளியது. அவை சிற்றூர்ச் சாலைகளின் ஓரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. பேருந்தை நம்பிப் போக முடியாது. வாடகைக் கார் எடுத்தாலோ, ஓட்டுபவர் சுவை பார்க்க முடியாது. பிரான்ஸில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம்; புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு அந்த வரம்பு 0.2 கிராம்தான். ஆகவே வேறொருவர் ஓட்ட, நாம் கவலையின்றிக் கோப்பையை எடுப்பது என்பதே இந்தச் சேவையின் முதல் பயன்.

இரண்டாவது பயன் வழிகாட்டியின் பேச்சு. நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்தே அவர் கையாக்கின் கதையைத் தொடங்கிவிட்டார். ரோமானியர் காலத்திலேயே ஒயின் செய்த வட்டாரம் இது. பின்னர் புனித மிக்கேல் மடத்துத் துறவிகள் தோட்டங்களை வளர்த்தார்கள். பீப்பாய்களில் சேவல் முத்திரை குத்தி, தார்ன், கரோன் ஆறுகள் வழியே போர்தோ துறைமுகத்துக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் அனுப்பினார்கள். ஆனால் தங்கள் சரக்கு விற்றுத் தீரும்வரை ஆற்றின் மேற்பகுதி ஒயினை உள்ளே விடாத சலுகையைப் போர்தோ வணிகர்கள் பெற்றிருந்தார்கள். உலகெங்கும் போர்தோவின் பெயர் தெரிந்திருக்க, அதைவிடப் பழைய கையாக்கைப் பலர் கேள்விப்படாமலே இருப்பதில் இந்தப் பழைய கெடுபிடிக்கும் பங்கு உண்டு.

முதலில் நிறுத்தியது ஆற்றின் வலக்கரைச் சரிவில், சுண்ணாம்பு கலந்த களிமண் நிலத்தில் இருக்கும் ஒரு குடும்பத் தோட்டம். இங்கு செலவிட்ட நேரமே நாளின் சிறந்த பகுதி. மொசாக் என்னும் உள்ளூர் வெள்ளைத் திராட்சையில் செய்த நுரைக்கும் ஒயினை முதலில் ஊற்றினார்கள். ஷாம்பெயினில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இரண்டாம் முறை புளிக்க வைப்பார்கள். இங்கே அப்படி எதுவும் சேர்ப்பதில்லை. முதல் நொதித்தல் முடியும் முன்பே சாற்றைப் புட்டியில் அடைத்துவிட, மிச்சமிருக்கும் இயற்கைச் சர்க்கரையே உள்ளே நொதித்து நுரையை உண்டாக்குகிறது. கோப்பையின் அடியில் மெல்லிய கலங்கல் தெரிந்தது. முகர்ந்தால் அப்போதுதான் சீவிய ஆப்பிள் தோலின் மணம். நாக்கில் லேசான இனிப்பு. பிறகு சிவப்பு ஒயின்கள் வந்தன: மிளகுக் காரம் தெரியும் துராஸ், பிளாக்கரண்ட் என்னும் சிறு கரும்பழத்தைப் போன்ற அடர்ந்த மணமுள்ள பிரோகோல், கடைசியாக ஏறத்தாழ அழிந்தே போய் மீட்கப்பட்ட புருனெலார். அர்ஜென்டினாவில் இன்று புகழ்பெற்றிருக்கும் மால்பெக் ரகத்தின் பெற்றோரில் ஒன்று இந்தப் புருனெலார் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். தோட்டத்துக்காரர் பிரெஞ்சில் மட்டுமே பேசினார். வழிகாட்டி எதையும் விழுங்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். குடிக்காமல் சுவை மட்டும் பார்க்க விரும்புவோருக்குத் துப்புகலம் வைத்திருந்தார்கள்; அதைப் பயன்படுத்தினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இரண்டாவதாக அழைத்துச் சென்ற இடத்தைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல எதுவும் இல்லை. அது தோட்டம் அல்ல, விற்பனைக் கூடம். வரிசையாக ஊற்றிக் கொடுத்தார்கள், எந்த நிலம், எந்த ஆண்டு என்று கேட்டால் விலைப்பட்டியலை நீட்டினார்கள். அந்த நேரத்தை மலையூருக்குக் கொடுத்திருக்கலாம்.

கோர்த்-சுர்-சியேலுக்கு உண்மையில் அந்த நேரம் தேவைப்பட்டது. கத்தார்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர் மீது திருச்சபை ஏவிய சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த 1222-ஆம் ஆண்டில், துலூஸ் கோமகன் ஏழாம் ரேமோன் நிறுவிய ஊர் இது. பிறகு துணி, தோல், நீலச் சாயம் ஆகியவற்றின் வணிகத்தில் செழித்து, மதில்களுக்கு வெளியே புதிய மதில்கள் எழுப்பும் அளவுக்கு வளர்ந்தது. வேன் அடிவாரத்தில் நின்றுவிடும்; உருண்டைக் கற்கள் பாவிய செங்குத்தான தெருவில் வாயில் வாயிலாகக் கடந்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் சிறிய சுற்றுலா ரயில்வண்டியில் ஏறிக்கொள்வது நல்லது.

எங்களுக்குக் கிடைத்தது மதிய உணவையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பெரு வேட்டைக்காரர் மாளிகை என்று அழைக்கப்படும் வீட்டின் முகப்பை அண்ணாந்து பார்க்கவே கால் மணி நேரம் வேண்டும்: மேல் மாடத்துச் சன்னல்களுக்கு இடையே காட்டுப்பன்றி, அதைத் துரத்தும் நாய், முயல், ஈட்டி ஏந்திய வேட்டைக்காரன் எனக் கல் உருவங்கள் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன. வழிகாட்டி அதைக் கோமகனின் வேட்டைத் தலைவர் வாழ்ந்த வீடு என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். உண்மையில் இத்தகைய மாளிகைகள் பணக்கார வணிகர்களுடையவை. சிற்பங்களைப் பார்த்துப் பின்னாளில் ஒட்டிய பெயர்கள்தாம் அவை. தோட்டங்களில் அத்தனை நுணுக்கமாகப் பேசியவர் இங்கே கதை சொல்லிப் போனது ஏமாற்றமாக இருந்தது. சந்தைக் கூடத்தின் எண்கோணத் தூண்களையும், அங்கே பாறையைக் குடைந்து 100 மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய கிணற்றையும் ஓட்டமாகத்தான் பார்த்தோம். திரும்பும் வழியில் காஸ்தெல்னோ-த-மோன்மிராலின் வளைவு மண்டபங்கள் சூழ்ந்த சதுக்கத்தில் ஒரு காப்பி குடிக்க மட்டும் நேரம் இருந்தது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது வாத்து நாடு. வாத்துக் கால், வாத்து ஈரல், பன்றித் தொத்திறைச்சியும் வாத்தும் சேர்த்து அவரை விதையோடு வேகவைத்த கஸூலே ஆகியவையே உணவகப் பலகைகளில் இருக்கும். சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்த சாலட், ஆம்லெட் இரண்டுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவதுண்டு, சொல்லித் தவிர்க்க வேண்டும். கோர்த்தின் பாதாம் பிஸ்கட்டுகள் நொறுநொறுவென்று நன்றாக இருக்கும், ஆனால் அவற்றில் முட்டை வெள்ளைக்கரு உண்டு.

மலையூரே முக்கியம் என்றால், துலூஸிலிருந்து கோர்த்-வேந்த்ராக் நிலையம் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் டாக்சியில் மேலேறி, ஓர் இரவு தங்குங்கள். நிலையத்தில் டாக்சி காத்திருக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இலையுதிர் காலக் காலைகளில் கீழே சேரூ பள்ளத்தாக்கைப் பனிமூட்டம் நிரப்புவதைப் பகல் நேர வேனில் வருபவர்கள் பார்க்க முடியாது. ஜூலை நடுவில் இடைக்காலத் திருவிழா நடப்பதால் தெருக்களில் நகர இடமிராது. வேன் பயணத்தையே தேர்ந்தெடுப்பவர்கள், இரண்டு நிறுத்தங்களுமே ஒயின் செய்பவரின் சொந்தத் தோட்டங்கள்தாமா என்று பணம் கட்டும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செப்டம்பரில் போவதானால் அறுவடை மும்முரத்தில் எந்தத் தோட்டம் விருந்தினரை ஏற்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.